நேர்க்கோட்டில் நில்லாத பௌதிகம்: கொல்கத்தாவில் டாக்டர் பட்ட ஆராய்ச்சி

கொல்கத்தாவில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில், பிள்ளைகள் பி.எஸ்ஸி. பௌதிகம் வரை படிப்பது அரிதன்று. அதற்கு மேல் என்ன என்ற கேள்வி எழும்போதுதான் வீடு இரண்டுபடுகிறது. பாங்குத் தேர்வு, ரயில்வேத் தேர்வு, பி.எட்., கம்ப்யூட்டர் கம்பெனி என்று பெரியவர்கள் நான்கு வழிகளைக் காட்டுவார்கள். ஐந்தாவதாகவும் ஒரு வழி உண்டு. அது நம் வாசலுக்கு மிக அருகில், சியால்டாவிலிருந்து புறப்படும் லோக்கல் வண்டிகள் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெறும் வழியே அது. அவ்வழியில் செல்வோர்க்கு மாதந்தோறும் உபகாரச் சம்பளம் வழங்கப்படுகிறது என்பதை நம் குடும்பங்களில் பலர் அறியார்.

ஆராய்ச்சித் துறைகள் பலவற்றுள் நேரியலற்ற இயக்கவியல், சிக்கல் அமைப்புகளின் பௌதிகம் ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் இங்கே எழுத முற்படுகிறேன். எழுதுகிறவன் பண்டிதன் அல்லன். பத்தாம் வகுப்போடு நின்று, ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். ஆயினும் இவற்றைக் கேட்டறிய வேண்டிய அவசியம் எனக்கு நேர்ந்தது. அக்காரணத்தை உரிய இடத்தில் சொல்வேன்.

முதலில் பெயரை விளங்கிக்கொள்வோம். காய்கறிக் கடையில் தொங்கும் வில் தராசில் ஒரு கிலோ எடையை மாட்டினால் முள் ஓர் அங்குலம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோ மாட்டினால் இரண்டு அங்குலம் இறங்கும். காரணம் இரட்டித்தால் காரியமும் இரட்டிக்கிறது. இவ்வுறவை வரைபடத்தாளில் குறித்தால் நேர்க்கோடாக அமையும். ஆகவே இதனை நேரியல் என்பர். பள்ளியில் கற்பிக்கும் பௌதிகம் பெரும்பாலும் இவ்வெல்லைக்குள்ளேயே நடமாடுகிறது. உலகமோ அவ்வளவு சாதுவானதன்று. ஒரு மூங்கில் சிம்பைத் தரையில் நிறுத்தி, மேல் நுனியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். ஓரளவு வரை அது நிமிர்ந்தே நிற்கும். அந்த அளவைத் தாண்டி ஒரு கடுகளவு அழுத்தினாலும் சட்டென்று ஒரு பக்கம் வளைந்துவிடும். அது இடப்புறம் வளையுமா, வலப்புறம் வளையுமா என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலாது. காரணத்திற்கும் காரியத்திற்கும் உள்ள உறவு இவ்வாறு நேர்க்கோட்டை விட்டு விலகும் இடமெல்லாம் நேரியலற்ற இயக்கவியலின் இராஜ்யம்.

எங்கள் ரயில்வே இலாகாவிலேயே இதற்குச் சிறந்த உதாரணம் ஒன்று உண்டு. ரயில் சக்கரத்தின் ஓடுபரப்பு தட்டையானதன்று. உட்புறம் சற்றுப் பருத்தும் வெளிப்புறம் சற்றுச் சிறுத்தும் கூம்பு போலக் கடையப்பட்டிருக்கும். வளைவுகளில் வண்டி தானே திரும்புவதற்கு இந்த அமைப்பு உதவுகிறது. ஆனால் நேரான பாதையிலும் இதே அமைப்பால் சக்கர இணை இடமும் வலமுமாக ஊசலாடிக்கொண்டே செல்லும். குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே அந்த ஊசலாட்டம் தானே அடங்கிவிடுகிறது. அவ்வேகத்தைத் தாண்டினாலோ அடங்காமல் வளர்ந்து, சக்கர விளிம்பு தண்டவாளத்தில் மாறி மாறி மோதும் நிலைக்கு வந்துவிடுகிறது. வேகத்தில் சிறிது கூட்டியதும் நடத்தையே வேறாகிவிடுவதைக் கவனிக்க வேண்டும். அந்த எல்லை வேகத்தைக் கணக்கிட்டு, அதனை மேலும் உயர்த்துவதற்கு வழி காண்பதுதான் விரைவு வண்டிகளை வடிவமைப்போரின் தலையாய வேலைகளில் ஒன்று. ‘இந்த வண்டியை ஏன் இன்னும் வேகமாக விடக்கூடாது?’ என்று பிரயாணிகள் எங்களைக் கேட்கும் கேள்விக்கு விடையில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

இன்னொரு விசித்திரமும் இத்துறையைச் சேர்ந்ததே. 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்ட் லோரன்ஸ் என்பார் வானிலையைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். முன்பு செய்த கணக்கு ஒன்றை நடுவிலிருந்து மீண்டும் தொடங்க எண்ணி, 0.506127 என்னும் எண்ணுக்குப் பதிலாக அச்சுத்தாளில் இருந்த 0.506 என்பதையே இட்டார். பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவே வேற்றுமை. சிறிது நேரம் இரு கணக்குகளும் ஒன்றாகவே சென்றன. பிறகு பிரிந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமே அற்ற வானிலைகளாக முடிந்தன. விதிகள் அனைத்தும் திட்டவட்டமாக இருந்தபோதிலும், வெகு தூரத்து எதிர்காலத்தைக் கணித்துச் சொல்ல இயலாத அமைப்புகள் உண்டு என்பதை அவர் 1963-இல் வெளியிட்ட கட்டுரை எடுத்துக்காட்டிற்று. இதைத்தான் ‘கேயாஸ்’ என்கிறார்கள்.

சிக்கல் அமைப்பு என்பது இதன் உடன்பிறப்பு. ஓர் எறும்பின் நடையை ஆராய்வதால் எறும்புக் கூட்டத்தின் நடையை அறிய முடியாது. எளிய உறுப்புகள் பலவாகச் சேர்ந்து, ஒன்றையொன்று பாதிக்கும்போது, எந்தத் தனி உறுப்பிலும் காணாத குணம் கூட்டத்தில் தோன்றுகிறது. நரம்பு மண்டலம், தொற்றுநோய், சந்தை, தட்பவெப்பம் எல்லாம் இவ்வகையே. 2021-இல் பௌதிகத்திற்கான நோபெல் பரிசு இத்துறைக்கே கிடைத்தது; மனாபே, ஹாசல்மான், பாரிசி ஆகிய மூவர் அதனைப் பகிர்ந்துகொண்டனர்.

நிற்க. இவையெல்லாம் அயல்நாட்டுச் சரக்கு என்று அன்பர்கள் எண்ணிவிடலாகாது. இத்துறை இந்த நகரத்தில் ஒரு தமிழரின் கையால் வளர்ந்தது என்று சொன்னால் அது மிகையன்று. 1907-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த இளைஞர் ஒருவர் நிதி இலாகாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். அவரே சி. வி. இராமன். போபஜார் தெருவில், டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. கருவிகள் இருந்தும் அங்கே ஆராய்ச்சி செய்வார் அருகியிருந்த காலம் அது. இராமன் காலையிலும் மாலையிலும் அங்கே ஆராய்ச்சி செய்தார். இடையில் ஆபீசுக்குப் போய்க் கணக்குப் பார்த்தார். பல ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1917-இல் உத்தியோகத்தைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

ஒளிச் சிதறல் பற்றி 1928 பிப்ரவரி 28-இல் அவர் கண்ட உண்மையும், 1930-இல் வந்த நோபெல் பரிசும் எல்லோரும் அறிந்தவை. அந்த ஆண்டுகளில் அவர் எதனை ஆராய்ந்தார் என்பதைத்தான் நம்மில் பலர் கேட்பதில்லை. அதிர்வு பற்றியே பெரும்பாலும் ஆராய்ந்தார். ஓர் இசைக்கவையின் நுனியில் நூலைக் கட்டி, நூலின் இழுவிசை ஒரே சீராகக் கூடிக் குறையுமாறு செய்தால், நூல் கவையின் அதிர்வெண்ணில் பாதியளவில் அதிரும் என்று முன்னோர் கண்டிருந்தனர். பாதி மட்டுமன்று, முழுமை, ஒன்றரை என்று வேறு பல அளவுகளிலும் அதனை அதிரவைக்கலாம் என்று இராமன் காட்டினார். அக்கட்டுரை 1912-இல் கழகத்தின் வெளியீடாக வந்தது. ஊஞ்சலில் நிற்கும் குழந்தை உரிய தருணத்தில் குனிந்தும் நிமிர்ந்தும் ஊஞ்சலை வளர்த்துச் செல்வதும் இவ்வகை இயக்கமே. பிடில் தந்தியை வில் பற்றுவதும், விடுவதும், மீண்டும் பற்றுவதுமாகிய செயலை விளக்கி அவர் 1918-இல் எழுதிய நூல் இன்றும் அத்துறையில் எடுத்துச் சொல்லப்படுகிறது. கை பிடிக்கும் வில்லை நம்பாமல், வில்லை நிலையாக வைத்துப் பிடிலை நகர்த்தும் இயந்திரம் ஒன்றையும் அமைத்தார். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரிய சோறு எவ்வாறு அதன் ஒலியைச் சுருதியோடு இசையச் செய்கிறது என்பதைச் சிவகாளி குமார் என்பாரோடு சேர்ந்து 1920-இல் வெளியிட்டார். மார்கழிக் கச்சேரிக்கு டிக்கெட் தேடி அலையும் நம்மவர், அந்த நாதத்தின் கணக்கு இந்த ஊரில் தீர்க்கப்பட்டது என்பதை அறிய மகிழ்ச்சியடையலாம்.

இராமனைத் தேடி 1920-இல் வத்திராயிருப்புக் கே. எஸ். கிருஷ்ணன் வந்தார். அவரைப் பற்றி எழுதப் புகுந்தால் தனிக் கட்டுரையாகும். ஆனால் என் மனத்தில் அதிகம் நிற்பவர் ஆசுதோஷ் தே என்னும் வங்காளி உதவியாளர். கல்லூரியில் படித்துப் பட்டம் பெறாத அவரையும் இராமன் ஆராய்ச்சியில் பழக்கி, தம் பெயரில் கட்டுரை எழுதும் நிலைக்கு உயர்த்தினார். என்னைப் போன்றோர்க்கு அந்தச் செய்தி இனிப்பதில் வியப்பில்லை.

இனி நம் காலத்துச் செய்திக்கு வருவோம். 2003-இல் ‘பிசிக்கல் ரிவ்யூ’ என்னும் உலகப் புகழ் பெற்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பரோங்கமா சென், சத்யேந்திரநாத் போஸ் மையத்தின் எஸ். எஸ். மன்னா உள்ளிட்ட ஆறு ஆய்வாளர்கள் அதனை எழுதினர். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் அணுவுமன்று, நட்சத்திரமுமன்று. இந்திய ரயில்வேயின் கால அட்டவணை! 579 வண்டிகளையும் 587 நிலையங்களையும் எடுத்துக்கொண்டு, ஒரே வண்டி நிற்கும் இரு நிலையங்களை ஒரு கோட்டால் இணைத்தனர். இவ்வாறு அமைந்த வலையில், ஏதேனும் ஒரு நிலையத்திலிருந்து ஏதேனும் மற்றொரு நிலையத்திற்குச் செல்லச் சராசரியாக எத்தனை வண்டி ஏறவேண்டும் என்று கணக்கிட்டனர். விடை இரண்டுக்குச் சற்றே மேல். இவ்வளவு பரந்த தேசம், வண்டி மாறும் கணக்கில் அவ்வளவு சிறியது! இத்தகைய வலைகளை ‘சிறிய உலகம்’ என்று அழைக்கிறார்கள்.

நான் பணியாற்றும் பிரிவில் அட்டவணைகளோடு அன்றாடம் பழகுகிறவன் ஆதலால், இதனை நானே சோதித்துப் பார்க்க விரும்பினேன். போல்பூரிலிருந்து காரைக்குடிக்குப் போக வேண்டும். இரண்டும் இந்நாட்டின் இரு கோடிகளில் உள்ள நடுத்தர ஊர்கள். போல்பூரிலிருந்து ஹௌராவுக்கு ஒன்று, ஹௌராவிலிருந்து திருச்சிக்கு ஒன்று, திருச்சியிலிருந்து காரைக்குடிக்கு ஒன்று என மூன்று வண்டிகள் போதும். வேறு ஊர்களை எடுத்தும் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்றே வந்துகொண்டிருந்தது. நான் பதினைந்து ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த புத்தகத்திலிருந்து இவர்கள் பௌதிகத்தைப் பிழிந்து எடுத்திருக்கிறார்கள்!

இதனால் என்ன பயன் என்று கேட்போரும் உண்டு. சிறிய உலக வலையில் நன்மை எவ்வளவு விரைவாகப் பரவுமோ அவ்வளவு விரைவாகத் தீமையும் பரவும். கங்கைச் சமவெளியில் தை மாதப் பனிமூட்டத்தால் ஒரு வண்டி பத்து நிமிடம் தாமதித்தால், அது பத்து நிமிடமாகவே நிற்பதில்லை. அதன் பின் வரும் வண்டி காத்திருக்கிறது. குறுக்குப் பாதை வண்டி காத்திருக்கிறது. ஹௌராவில் நடைமேடை காலியாகவில்லை. மாலைக்குள் மணிக்கணக்காகிவிடுகிறது. எந்த நிலையத்தில் தாமதத்தைத் தடுத்தால் வலை முழுதும் காப்பாற்றப்படும் என்பது ஆராய்ச்சிக்குரிய கேள்வி. மின்சார வலைக்கும், தொற்றுநோய்க்கும் இதே கேள்வி பொருந்தும்.

மேற்சொன்ன மன்னா அவர்களின் பெயரால் மணற்குவியல் மாதிரி ஒன்று 1991 முதல் உலகெங்கும் வழங்குகிறது. தட்டில் மணலைத் தூவிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்திற்குப் பின் அடுத்த மணல் சும்மா நிற்கலாம், அல்லது குவியலின் பெரும்பகுதியைச் சரித்தும் விடலாம் என்னும் நிலை தானே அமைவதை ஆராய்வது அது. பொருளாதாரத்தைப் பௌதிக முறையில் ஆராயும் துறைக்கு ‘எகனோபிசிக்ஸ்’ என்னும் பெயரும் 1995-இல் இந்த நகரத்தில் கூடிய மாநாட்டில்தான், யூஜீன் ஸ்டான்லி என்னும் அமெரிக்கப் பேராசிரியரால் சூட்டப்பட்டது.

இவற்றை எனக்கு விளக்கியவள் என் தங்கை. முன்னே குறிப்பிட்ட காரணம் அவளே. எங்கள் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது. இப்போது அவள் எம்.எஸ்ஸி. பௌதிகம் இறுதியாண்டு படிக்கிறாள். சென்ற பூஜை விடுமுறையில், பாங்குத் தேர்வுக்குப் பணம் கட்டவேண்டிய கடைசி நாளன்று, தனக்கு ஆராய்ச்சி செய்யவே விருப்பம் என்று சொன்னாள். ஊரிலிருந்து வந்திருந்த மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“இன்னும் அஞ்சு வருஷமாடா? அதுக்குள்ள அவளுக்கு இருபத்தெட்டு ஆயிடுமே. யாருடா காத்துக்கிட்டு இருப்பாங்க?” என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டாள்.

அம்மாவின் அச்சம் பொய்யானதன்று. அதற்கு நான் சொல்லத்தக்க விடையும் என்னிடம் இல்லை. ஆனால் பணக் கணக்கு மட்டும் எனக்குக் கைவந்தது. அதனை விசாரித்து எழுதி அவள் முன் வைத்தேன். அக்கணக்கே மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்று கருதி இங்கே தருகிறேன்.

மத்திய அரசின் உதவியால் நடக்கும் ஆராய்ச்சி நிலையங்களில் இளநிலை ஆராய்ச்சியாளர்க்கு உபகாரச் சம்பளம் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழிந்து, வேலை திருப்தியானது என்று கண்டால், முதுநிலை என்னும் பெயரில் 42,000 ரூபாய். விடுதியில் இடம் இல்லாதவர்க்கு வீட்டு வாடகைப் படி தனி. என் கைக்கு வரும் மாதச் சம்பளத்தை இதன் அருகில் வைத்துப் பார்த்த மாமா அதன்பின் சிரிக்கவில்லை.

இதனைப் பெறும் வழி தேர்வுதான். விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் நெட் தேர்வு ஒன்று. பௌதிகத்திற்கும் கணினிக் கோட்பாட்டிற்குமாக ஆராய்ச்சி நிலையங்கள் கூடி ஆண்டுக்கொருமுறை நடத்தும் ஜெஸ்ட் தேர்வு மற்றொன்று. கேட் என்பது மூன்றாவது. இவற்றில் ஒன்றில் தேறியவரை நிலையங்கள் நேர்முகத்திற்கு அழைக்கின்றன. நேர்முகத்தில் மனப்பாடம் செல்லாது. ஓர் ஊசலைக் கொடுத்து, நூலைச் சற்று நீட்டினால் என்ன ஆகும் என்பது போல் அடிப்படையிலேயே துருவித் துருவிக் கேட்பார்களாம். பி.எஸ்ஸி. முடித்த கையோடு சேரத்தக்க ஒருங்கிணைந்த படிப்புகளும் உண்டு என்பதைக் கீழ்வகுப்பில் உள்ளவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வயது வரம்பும் விதிகளும் அவ்வப்போது மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டின் அறிவிப்பையே நம்ப வேண்டும், கேள்விப்பட்டதையன்று.

இடங்களை ரயில்வே முறைப்படியே சொல்கிறேன். சியால்டாவில் இறங்கி வடக்கே நடந்தால் ராஜாபஜார் விஞ்ஞானக் கல்லூரி. இராமன் பேராசிரியராக இருந்த இடம். சியால்டா தெற்குப் பிரிவில் ஜாதவ்பூர் நிலையத்தில் இறங்கினால் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும், போபஜாரிலிருந்து பெயர்ந்து வந்த அதே விஞ்ஞான வளர்ச்சிக் கழகமும் அருகருகே உள்ளன. பிதான்நகர் நிலையத்தில் இறங்கிப் பஸ் ஏறினால் சால்ட் லேக்கில் சாகா அணுக்கருப் பௌதிக நிலையமும், 1986-இல் தோன்றிய சத்யேந்திரநாத் போஸ் மையமும். பராநகரில் மஹலானோபிஸ் 1931-இல் நிறுவிய புள்ளியியல் நிலையம். அங்கே பௌதிகத்திற்கும் பயன்முறைக் கணிதத்திற்கும் தனிப் பிரிவு உண்டு. வடக்கே கல்யாணியை அடுத்த மோகன்பூரில், 2006-இல் தொடங்கிய இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையம். ஹௌராவிலிருந்து தென்மேற்கே போனால் 1951 முதல் நடைபெறும் கரக்பூர் ஐ.ஐ.டி.; இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்று, அதிர்வு, சக்கரம், சுழலி என்று ஆராய விரும்புவோர்க்கு அது ஏற்ற இடம்.

இத்தனை நிலையங்கள் ஒரே லோக்கல் வண்டி வட்டத்துக்குள் அமைந்த நகரம் இந்தியாவில் வேறு எத்தனை உண்டு? சென்னையிலும் பெங்களூரிலும் வாழும் உறவினர்கள் நம்மைப் பார்த்து இரக்கப்படும்போது இதனை நினைவில் கொள்ளலாம்.

பெண்ணையோ பிள்ளையையோ தமிழ்நாட்டுக்கே அனுப்ப விரும்பும் பெற்றோர்க்குத் திருச்சியைச் சொல்வேன். அங்கே பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 1992-இல் நேரியலற்ற இயக்கவியலுக்கென்றே ஒரு மையம் ஏற்பட்டது. அதனை வளர்த்த பேராசிரியர் மு. லட்சுமணனும் முரளியும், சுவா என்னும் அமெரிக்கப் பேராசிரியரோடு சேர்ந்து 1994-இல் அறிவித்த எளிய மின்சுற்று, அவர்கள் பெயரால் முரளி–லட்சுமணன்–சுவா சுற்று என்று உலகப் பாடப்புத்தகங்களில் வழங்குகிறது. ஒரு மின்தடை, ஒரு கம்பிச்சுருள், ஒரு மின்தேக்கி, ஒரு சிறு நேரியலற்ற உறுப்பு, மாறுமின்னோட்ட மூலம் ஒன்று. இவ்வளவுதான் அதற்கு வேண்டும். மேசையில் வைத்தே கேயாஸைக் காணலாம். கொல்கத்தாவுக்கு இராமனைத் தந்த ஊர் அது. அவ்வூருக்கு ஹௌராவிலிருந்து நேர் வண்டியும் உண்டு. சென்னை தரமணியில் 1962-இல் அல்லாடி இராமகிருஷ்ணன் தோற்றுவித்த கணித விஞ்ஞான நிலையத்தையும், அங்குள்ள ஐ.ஐ.டி.யையும் விட்டுவிடலாகாது.

கசப்பையும் சொல்லிவிடுவது முறை. டாக்டர் பட்டத்திற்கு ஐந்து ஆண்டுகளாகும். சிலருக்கு ஆறும் ஆகும். உபகாரச் சம்பளம் சில வேளைகளில் மாதக்கணக்காகத் தாமதித்து வருவதுண்டு. வாடகை கொடுத்து வாழும் வீட்டில் அது பெரிய சங்கடம். பட்டத்திற்குப் பின் உடனே நிரந்தர உத்தியோகம் கிடைக்கும் என்று எவரும் எழுதித் தரமாட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ தற்காலிக ஆராய்ச்சிப் பதவியில் கழிக்க நேரும். எல்லாவற்றிலும் முக்கியமானது வழிகாட்டும் ஆசிரியர். நிலையத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ந்து, மனம் ஒவ்வாத ஆசிரியரிடம் சிக்கி, நடுவில் விட்டுவந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சேருமுன் அவர் அண்மையில் எழுதியவற்றைப் படிப்பதும், அவரிடம் பயிலும் மாணவர்களைத் தேநீர்க் கடையில் சந்தித்துப் பேசுவதும் நல்லது. தங்கை அவ்வாறு இருவரிடம் பேசிவிட்டு, தான் முதலில் குறித்து வைத்திருந்த ஒரு பெயரை அடித்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் முடிவு இன்னும் ஆகவில்லை. பாங்குத் தேர்வுக்கும் பணம் கட்டியிருக்கிறோம். ஜெஸ்ட் தேர்வுக்கும் கட்டியிருக்கிறோம். அம்மா இரண்டு நுழைவுச் சீட்டுகளையும் சுவாமி படத்தின் கீழ் ஒன்றாகவே வைத்திருக்கிறாள்.

இராமன் கண்டறிந்த நாளாகிய பிப்ரவரி 28, 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளை ஒட்டி ஆராய்ச்சி நிலையங்கள் தம் கூடங்களை மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் திறந்துவைப்பது வழக்கம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பத்தார் சேர்ந்து செல்வதாயின், லேக் மார்க்கெட் பக்கத்தவர் பாலிகஞ்சு நிலையத்தில் தெற்கே போகும் லோக்கல் வண்டி ஏறி ஜாதவ்பூரில் இறங்கலாம். காலைக் கூட்டம் எதிர்த்திசையில் செல்வதால் உட்கார இடம் கிடைக்கும்.